பலெர்மோவுக்குப் போற மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நல்லூர்ல கொடியேறிட்டுது. வீட்டில ஆக்கள் வந்துபோய்க்கொண்டு இருக்கினம், அதால விட்டு விட்டுத்தான் இதை எழுதுறன். போனில சொல்லியிருக்கலாம். நீ "சரியம்மா, சரியம்மா" எண்டுபோட்டு மறந்திடுவாய், கடுதாசி எண்டால் கைப்பையுக்குள்ள கிடக்கும்.

சிசிலித் தீவில, பலெர்மோவில பாக்கப்போற இடங்கள் எண்டு நீ அனுப்பின லிஸ்ற்றைப் பார்த்தன். அரண்மனைக் கோயில், கதீட்ரல், மம்மிகள் கிடக்கிற நிலவறை, மொன்றியாலே, தியாத்ரோ மாசிமோ. அஞ்சு நாளையும் மணிக்கணக்காப் பிரிச்சிருக்கிறதைப் பார்த்தால் மருமகன்ர வேலை போல கிடக்கு. அதெல்லாம் பாருங்கோ, நல்ல இடங்கள்தான். ஆனா நீ பத்து வயசு மட்டும் இருந்த ஊர் அந்த லிஸ்ற்றில ஒரு இடத்திலயும் இல்லையே பிள்ளை. "எனக்கு மீன் மணமும் பல்லரோச் சந்தைச் சத்தமும் மட்டும்தான் ஞாபகம்" எண்டு நீ சொன்னது எனக்குக் கொஞ்சம் சுட்டது. நான் இரவு பகலா சிஞ்ஞோரா வீட்டில, அந்த வயசான மனுசியைப் பார்க்கிற வேலையில நிண்டபடியால்தானே உன்னைச் சித்தியோட ஜேர்மனிக்கு அனுப்பினனான். அதால நான் வேலைக்குப் போன ஊரை எழுதுறன். அந்த வழியால போய்ப் பார்.

காலமை எழும்பினவுடன முதல்ல பல்லரோச் சந்தைக்குப் போ. எட்டு மணிக்கு நிக்கவேணும். பதினொண்டுக்குப் பிறகு கமெராக்காரர்தான் நிப்பினம். வியாபாரியள் ராகம் போட்டுக் கூவுறதுக்கு "அப்பன்னியாத்தா" எண்டு பேர். அந்த ஊர் அரபிக்காரரிட்ட 831இல இருந்து 1072 மட்டும் இருந்தது, அந்த இழுவை இண்டைக்கும் தொண்டையில கிடக்கு எண்டு சிஞ்ஞோரா சொல்லுவா. மரக்கறித் தட்டில முழங்கையை விட நீளமா, வெளிர்பச்சையா ஒரு காய் கிடக்கும், "குக்குட்ஸா" எண்டுவினம். அது எங்கட சுரைக்காயடி. பக்கத்தில கொழுந்தும் இலையும் தந்துமாக் கட்டி வைச்சிருப்பினம், அது "தெனெருமி". அதை அவிச்சு, தக்காளி போட்டு, ஸ்பகெட்டியைக் கையால நொருக்கிப் போட்டு ஒரு சூப் வைப்பினம். வெயில் காலத்துச் சாப்பாடு. முதல் நாள் சிஞ்ஞோரா அதை வைக்கச் சொல்ல, எனக்குச் சுரை இலையைத் துடைச்சு நரம்பு உரிக்கத் தெரிஞ்சதைக் கண்டுதான் அவ என்னை வேலைக்கு வைச்சுக்கொண்டவ. பாஷை ஒரு சொல்லும் தெரியாது அப்ப. பெரிய சாப்பாட்டுக் கடைகளில இது கிடைக்கிறது குறைவு, சின்னச் சாப்பாட்டுக் கடையளில கேட்டுப் பார். செப்டெம்பரில கடைசிக் கொழுந்து இருக்கும்.

சந்தையில பனெல்லே வாங்கு. கடலைமாவைக் காய்ச்சி, இறுக விட்டு, மெல்லிசா வெட்டிப் பொரிச்சு, எள்ளுப் பாணுக்கு நடுவில வைச்சுத் தருவான். தேசிக்காய் பிழிஞ்சு சாப்பிடு. அங்கத்தையாரும் பாணைப் "பானி" எண்டுதான் சொல்லுவினம், போர்த்துக்கீசர் எங்களுக்குத் தந்த அதே சொல்லு. "மெயுசா" எண்டு இன்னொரு பாண் இருக்கு. நான் வந்த புதுசில ஒரு வெள்ளிக்கிழமை, காளான் எண்டு நினைச்சு அதை முழுசாச் சாப்பிட்டிட்டன். மாட்டு மண்ணீரலும் நுரையீரலும்! பன்றிக் கொழுப்பில வாட்டினது! அண்டைக்கு முழுக்க முருகனிட்ட மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிஞ்சனான். மருமகனுக்கு விருப்பம் எண்டால் சாப்பிடட்டும். வெறும் தேசிக்காயோட எண்டால் "கலியாணம் ஆகாதது", சீஸ் போட்டால் "கலியாணம் ஆனது" எண்டு கேக்கவேணும். பிறகு, பொரிச்ச சோத்து உருண்டையை "அரஞ்சினா" எண்டு சொல்லு. "அரஞ்சினோ" எண்டால் கத்தானியா எண்ட மற்ற ஊர்க்காரர் எண்டு நினைச்சு முகத்தைத் திருப்புவினம். கன்னோலிக்குள்ள சீஸை உன்ர கண்ணுக்கு முன்னால நிரப்பித் தாறவனிட்ட மட்டும் வாங்கு. முன்னமே நிரப்பி வைச்சது நனைஞ்சு போயிருக்கும்.

ஒண்டு மறக்காத: மத்தியானம் கோயில்கள் பூட்டு. பன்ரண்டு, ஒரு மணிக்குச் சாத்தினால் நாலு மணிபோலதான் திறப்பினம், சிலது திறவாது. மருமகன்ர லிஸ்ற்றில ரண்டு மணிக்கு ஒரு கோயில் போட்டிருக்கு, அதை மாத்தச் சொல்லு. அந்த நேரம் ஊரே நித்திரை. நீங்களும் படுங்கோ.

பின்னேரம் பியாட்ஸா மரீனாவுக்குப் போங்கோ. சிஞ்ஞோரா வீடு அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு நாளும் அஞ்சு மணிக்கு அவவைத் தள்ளுவண்டிக் கதிரையில வைச்சு அந்தத் தோட்டத்துக்குக் கொண்டுபோவன். நடுவில ஒரு பெரிய மரம் நிக்குது, விழுது விட்டு, விழுதே தூணாகி, ஒரு வீடளவுக்குப் படர்ந்து. ஆலமரத்தின்ர சொந்தம், அவுஸ்ரேலியாவில இருந்து வந்த இனம். முதல் நாள் அதைக் கண்டவுடன எனக்கு அழுகை வந்திட்டுது. சிஞ்ஞோரா "மிஸ்கீனா" எண்டா. பாவம் எண்டு அர்த்தம், அரபிச் சொல்லு. எங்கட முஸ்லிம் ஆக்கள் "மிஸ்கீன்" எண்டு சொல்லுற அதே சொல்லு எண்டு எனக்குக் கனகாலத்துக்குப் பிறகுதான் பிடிபட்டது.

அந்தச் சதுக்கத்திலயே ஸ்தேரி எண்டு ஒரு பழைய மாளிகை. கத்தோலிக்கச் சபையின்ர மதவிசாரணைக்காரர் ஆக்களை அடைச்சு வைச்ச சிறைக்கூடம் அதுக்குள்ள இருக்கு. விசாரணைச் சபையை 1782இலதான் மூடினவை. உள்ளுக்கு இருந்ததுகள் செங்கல் தூளைக் குழைச்சு, கிடைச்சதைக் கொண்டு சுவர் முழுக்கப் புனிதரும் கப்பலும் கவியும் கீறி வைச்சிருக்கினம். மேல சுண்ணாம்பு பூசி மூடிக் கிடந்ததை 1906இல ஜுசெப்பே பித்ரே எண்ட ஆள் கண்டுபிடிச்சவர். இதைக் கட்டாயம் பார். நான் ஒருக்காத்தான் போனனான், எங்கட நாட்டு ஞாபகங்கள் வந்து நிண்டுபிடிக்கேலாமல் வெளியில வந்திட்டன். அதே மாளிகையில குத்தூசோ எண்ட ஓவியர் 1974இல வரைஞ்ச வுச்சிரியாச் சந்தைப் படமும் இருக்கு. சந்தையை விட இப்ப படம்தான் நல்லாயிருக்கு. வுச்சிரியா முந்தி மீன்காரர் தண்ணி ஊத்தி ஊத்திக் கல்லுத் தரை காயாமல் கிடந்த இடம். "வுச்சிரியாக் கல்லுக் காயேக்க" எண்டால் ஒருநாளும் நடவாது எண்டு அர்த்தம். என்ர சொஜோர்னோ, அதுதான் அங்க இருக்கிறதுக்கான அனுமதிப் பத்திரம், எப்ப கிடைக்கும் எண்டு கேட்டால் சிஞ்ஞோரா அதைத்தான் சொல்லிச் சிரிப்பா. கடைசியில சொஜோர்னோவும் வந்தது, கல்லும் காய்ஞ்சிட்டுது. இப்ப இரவில பெடியள் குடிக்கிற இடம். ஒருக்கா எட்டிப் பார்த்தால் காணும்.

கதீட்ரலுக்குப் போனால் உள்ளுக்கு ஓடாத. தெற்கு வாசல் மண்டபத்தில இடப்பக்கத்துத் தூணைக் கிட்டப் போய்ப் பார். குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கு. முன்னம் பள்ளிவாசலா இருந்த இடம். அதே போல சீசா மாளிகை, 1165இல கட்டத் தொடங்கினது, ஊருக்குக் கொஞ்சம் மேற்கால எண்டு ஆரும் போறேல்ல. கூடத்துச் சுவரில இருந்து தண்ணி இறங்கி, தரையில வெட்டின வாய்க்காலால ஓடி வீட்டைக் குளிர வைக்கிற மாதிரிக் கட்டியிருக்கினம். அங்க ஒரு கல்லு இருக்கு, அதுக்காகத்தான் போகச் சொல்லுறன். 1149ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்லு. கிரிசாந்துஸ் எண்ட ஒரு பாதிரியார் தன்ர தாய் அன்னாவுக்கு எழுதி வைச்சது. லத்தீன், கிரேக்கம், அரபு, பிறகு எபிரேய எழுத்தில அரபு. ஆண்டைக்கூட அவையவையின்ர கணக்கில போட்டிருக்கு. ஊரில ஆர் வந்து பார்த்தாலும் தன்ர தாயை வாசிக்கவேணும் எண்டு நினைச்சிருக்கிறான் பெடியன். உன்ர அண்ணா எனக்குப் பிறந்தநாளுக்கு மெசேஜ் கூட அனுப்புறேல்ல, அது வேற கதை.

செர்பொத்தா எண்ட சிற்பியின்ர வேலை இருக்கிற பேர்போன சின்னக் கோயில்கள் மூண்டு இருக்கு. சுண்ணாம்புச் சாந்தில செய்து, சலவைக்கல் தூள் பூசி மினுக்கின குழந்தையள், சுவர் முழுக்கக் குறும்பு செய்துகொண்டு நிக்குங்கள். சான் லொரென்சோவுக்கு மட்டும் போனாலும் போதும். பீடத்தில இருந்த, கரவாஜ்ஜோ எண்ட ஓவியர் வரைஞ்ச படத்தை 1969 ஒக்ரோபரில களவெடுத்தவை, இண்டு மட்டும் கிடைக்கேல்ல. இப்ப இருக்கிறது பிரதி.

மருமகன் மாஃபியாக் கதை கேப்பார் எண்டு தெரியும். மாஃபியாப் படம் போட்ட உடுப்பு, கோப்பை ஒண்டும் வாங்கவேண்டாம் எண்டு சொல்லு. நான் போன புதுசு, 1992 மே மாதம். ஒருநாள் காலமை பார்த்தால் பல்கனி பல்கனியா வெள்ளைப் படுக்கை விரிப்புத் தொங்குது. என்ன எல்லாரும் ஒண்டாத் தோய்ச்சிருக்கினம் எண்டு நினைச்சன். கிட்டப் போய்ப் பார்த்தால் எழுத்து. பல்கோனே நீதவானையும் மனுசியையும் மூண்டு காவலரையும் 23ஆம் திகதி கப்பாசியில மாஃபியாக்காரர் குண்டு வைச்சுச் சாகடிச்சவங்கள் எண்டு பிறகுதான் விளங்கினது. ரண்டு மாசத்தில பொர்செல்லீனோ எண்ட மற்ற நீதவானையும். நீங்கள் இறங்கப்போற விமான நிலையத்துக்கு அவை ரண்டு பேற்றை பேரும்தான். வியா நொதார்பார்த்தோலோவில பல்கோனே வீட்டுக்கு முன்னால ஒரு மரம் நிக்குது, சனம் இண்டைக்கும் கடிதம் குத்தி வைக்குது. கடைக் கதவில "அதியோபித்ஸோ" ஸ்ரிக்கர் கண்டால் அவன் கப்பம் கட்டமாட்டன் எண்டு சொல்லிக் கடை நடத்துறவன். சாமான் வாங்குறதை அவனிட்ட வாங்கு.

இனி முக்கியமானது. நீங்கள் செப்டெம்பர் 3ஆம் திகதி அங்க நிக்கிறியள். அண்டு இரவு பெல்லெக்ரினோ மலைக்கு ஏறவேணும். லிஸ்ற்றில இல்லை, எழுதிவை. 4ஆம் திகதி, அந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவின்ர நாள். 1624இல ஊரில கொள்ளைநோய் வந்து சனம் செத்துக்கொண்டு இருக்கேக்க மலைக் குகையில அவவின்ர எலும்பைக் கண்டெடுத்து, ஊர்வலம் கொண்டுபோக நோய் நிண்டது எண்டு நம்பிக்கை. இரவிரவா சனம் பழைய கல்லுப் பாதையால நடந்து ஏறும், சிலர் வெறுங்காலோட. ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும். ஞாயிற்றுக்கிழமையில போனால் எங்கட ஆக்கள்தான் கூட, சைவமும் கத்தோலிக்கமும் எண்ட பேதம் இல்லை. குகைக்குள்ள கூரைப் பாறையில இருந்து தண்ணி சொட்டும், அதை ஏந்த மேல முழுக்கத் தகரப் பீலி வைச்சிருக்கு. உனக்கு மூண்டு வயசில காய்ச்சல் விடாமல் காய்ஞ்சது. அண்டைக்கு நேர்த்தி வைச்சு, பிறகு உன்னை இடுப்பில தூக்கிக்கொண்டு ஏறினன். பாதி வழியில நீ ஒரு சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சிட்டாய், இருட்டில தேடிக் கிடைக்கேல்ல. நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போ, தண்ணியும் கொண்டு போ. எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்து.

கடைசியா ஒரு சாமான். பல்கனியளில சாடிக்குள்ள "பொமேலியா" வைச்சிருப்பினம். எங்கட ஈழத்தலரி. குளிருக்குக் கருகாமல் கிளை நுனியளில முட்டைக்கோது கவிழ்த்து வைப்பினம். மகள் கலியாணம் கட்டிப் போகேக்க தாய் ஒரு தடி ஒடிச்சுக் குடுக்கிறது அந்த ஊர் வழக்கம். சிஞ்ஞோரா உனக்கெண்டு ஒண்டை நட்டு வைச்சவ, உன்ர கலியாணத்துக்கு முன்னமே அவ போயிட்டா, வீடும் வித்தாச்சு. பல்லரோவில பூக்கண்டு விக்கிறவனிட்ட ஒரு தடி கேட்டு வாங்கு. வெட்டின வாயைக் காயவிட்டுக் கடுதாசியில சுத்திக் கொண்டுபோ, உடன நடாத, அழுகிப்போகும். ஒரு கிழமை கழிச்சு நடு. ஜேர்மன் குளிருக்கு முட்டைக்கோது காணாது, யன்னலுக்கு உள்பக்கம் வை.

அன்புடன்
அம்மா