வீட்டு வரைபடம் வந்து சேர்ந்தது

பாப்பா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரைபடத்தை அப்பா பெரிதாகப் பிரின்ட் எடுத்து வந்தார். ரெண்டு நாளாகச் சாப்பாட்டு மேஜையில்தான் கிடக்கிறது, உன் பால்கனியில் ஒரு சொட்டு வத்தக்குழம்பு விழுந்துவிட்டது. நன்றாக இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் வேண்டாம், டிவிக்குப் பின்னால் பளபளப் பலகை வேண்டாம் என்று மாடுலர்காரனிடம் நீயே சொல்லிவிட்டாயாமே, எனக்குப் பெருமைதான். உன் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்ததிலிருந்து, நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

விளக்கை மட்டும் மஞ்சளாகப் போடு. கடையில் வார்ம் வொயிட் என்று கேள், பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று இருக்கும். 6500 என்று இருப்பதை வாங்கினால் ராத்திரியில் வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் மாதிரி தெரிவார்கள். நடுக்கூரையில் ஒன்றைப் போட்டு வீட்டையே வெளுக்க வைக்காதே, சாப்பிடுகிற இடத்துக்கு மேலே தாழ்வாக ஒன்று, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்று போதும். ஏன் ஒரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறாய்? ரெண்டு பேர் உட்காருகிற மாதிரி ஒரு மர பெஞ்சோ ஊஞ்சலோ போடலாமே.

அடுப்படி மேடை உன் உயரத்துக்கு 32 அங்குலம் போதும். மாப்பிள்ளையும் சமைப்பார் என்றால் 34 வைக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி அவர் கைதான் என்பாயே, இப்போதும் செய்கிறாரா?

கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதிக்கப் போகிறாய் என்றதும் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லாதே. அது சூளையில் சுட்டது இல்லை, கண்ணாடி மேல் சாயச் சிமென்ட்டை ஊற்றி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. அதனால் ஆசிட் பக்கமே போகாதே. துடைக்கிற தண்ணீரில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடு. முதலில் மங்கலாகத்தான் இருக்கும், கல் கொடுத்தவனோடு சண்டைக்குப் போகாதே, கால் பட்டுப் பட்டுத்தான் பளபளப்பு வரும். நம் வீட்டில் எங்கே பளபளக்கிறது என்று நேற்று குனிந்து பார்த்தேன். அடுப்படியிலிருந்து பின்கட்டுக்குப் போகிற தடம் மட்டும் கண்ணாடி. முன்கூடம் பதித்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

அந்தச் சின்ன அறையில் 3 அடிக் கட்டில் ஒன்று போட்டிருக்கிறாயே. மாப்பிள்ளை ராத்திரி அமெரிக்காக்காரர்களோடு பேசுவார், வெளிச்சத்தில் உனக்குத் தூக்கம் வராது என்றாய். சரி, நான் எதுவும் கேட்கவில்லை. நீ போனில் பேசுவதே வாரத்துக்கு நாலு நிமிஷம், அதிலும் பாதி ஓடு, பெயின்ட், கொத்தனார்.

முன்கூடத்து சோபாவை உனக்கு ஞாபகம் இருக்கும். பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே வைத்திருந்தேனே. மழையில் நனைந்து வந்தவள் ஈரப் பாவாடையோடு அதில் உட்கார்ந்துவிட்டாய் என்று விசிறிக் காம்பால் அடித்தேன், உனக்கு அப்போது 9 வயசு. அதற்கப்புறம் பின்கட்டுப் படியில்தான் உட்கார்ந்து படித்தாய், நானும் கூப்பிடவில்லை. யாரோ வருவார்கள், பார்ப்பார்கள் என்று அந்தக் கூடத்தை வைத்திருந்தேன். வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அப்பாவும் நானும் அங்கே சேர்ந்து உட்கார்ந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சின்னத்தான் கல்யாணத்துக்கு அப்புறம் 4 வருஷம் உன்னைக் கூட்டிக்கொண்டு அடுப்படியில் பாய் விரித்துப் படுத்தேனே, ஏன் என்று கேட்டபோது ஜன்னல் காற்று நன்றாக வருகிறது என்றேன். அந்த அடுப்படி ஜன்னல் ஆணி அடித்தது, திறக்கவே வராது. நீ சின்னப் பிள்ளை, நம்பினாய். இல்லை, நம்பின மாதிரி இருந்தாயோ என்னவோ. நானும் பேசவில்லை, அப்பாவும் பேசவில்லை, இன்றைக்கு நினைத்தால் எதற்கு என்றே சரியாகச் சொல்ல வரவில்லை.

விளக்கு மஞ்சளாக இருக்கட்டும், மறக்காதே.

கல்யாணத்துக்கு விரித்த பவானி ஜமுக்காளத்தை வெயிலில் உலர்த்தி பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை வந்துவிடும். ரெண்டு பேர் தாராளமாகக் கால் நீட்டலாம். கனம் ஜாஸ்தி, நீ தனியாகத் தூக்காதே, மாப்பிள்ளையைப் போய் எடுத்துவரச் சொல். வந்து சேர்ந்தது என்று அவரையே எனக்குப் போன் பண்ணச் சொல்.

அம்மா