விஜிக்கு, அந்த மெமோ விஷயமா

விஜி,

நல்லா இருக்கியாடி, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு, சின்னவன் ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பழகிட்டானா. நாங்க இங்க சொகம்தான், நாலு மணிக்கே இருட்டிருது, அவருக்கு இருமல் விடவே மாட்டேங்குது, மத்தபடி குறை ஒண்ணும் இல்ல. நார்த்தங்காய் வந்து சேந்துச்சு. பாதியத் தீத்தாச்சு.

உன் வாய்ஸ் நோட் வந்து பதினோரு நாளாச்சு. பதில் வரலன்னு நீ மொகத்தத் தூக்கி வெச்சிருப்பன்னு தெரியும். நாலு தடவ கேட்டேன், ரெண்டு தடவ பதில் பேச ஆரம்பிச்சு அழிச்சுட்டேன், எனக்குப் பேசினா கோர்வையா வராதுடி, அதான் ஒக்காந்து எழுதுறேன். பொறுமையாப் படி, வீட்டு வேலையெல்லாம் முடிச்சுட்டுப் படி, பஸ்ஸுல வெச்சு மேலாகப் பாத்துட்டு "சூப்பர்டி"ன்னு மட்டும் அனுப்பாத.

மொதல்ல ஒண்ணு. கண்மாய்க்கரை வீடுகள இடிக்க வர்றாங்கன்னு முன்கூட்டியே போயி சொன்னதுக்கு ஆபீஸ்ல மெமோ குடுத்துட்டாங்கன்னு, நீயா வேலைய விட்டு வர்ற விஆர்எஸ் எழுதிக் குடுக்காத. ஏன்னு சொல்றதுக்குத்தான் இம்புட்டும்.

நான் தெனம் ஸ்வீடன்ல இந்த மால்மோல இருந்து ரயில் ஏறி, பாலத்தத் தாண்டி, டென்மார்க்ல கோபன்ஹேகன்ல நோரபோர்ட் ஸ்டேஷன்ல எறங்கி லேபுக்கு நடந்து போவேன்ல, அந்த வழியில ரோமர்ஸ்கேட்னு ஒரு தெரு இருக்கு. அங்கதான் தொழிலாளர் மியூசியம். ஆறு வருஷமா அந்தத் தெருவுல நடக்குறேன், நின்னு பாத்ததே இல்ல. பாப்பாவுக்கு ஸ்கூல்ல ஒரு ப்ராஜெக்ட் குடுத்தாங்க, 1943-ல டென்மார்க்ல இருந்து யூதங்க கடல் தாண்டி ஸ்வீடனுக்குத் தப்பிச்சு வந்த கதை. அவளுக்குத் தேடிக் குடுக்கப் போயி நான் உள்ள விழுந்துட்டேன். உன் வாய்ஸ் நோட் வந்ததும் அதே வாரம்தான். ரெண்டும் தலைக்குள்ள ஒண்ணா சுத்திக்கிட்டே இருக்கு.

கெயோர்க் ஃபெர்டினண்ட் டுக்விட்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர். 1904-ல பிரேமன்ல பொறந்தவர், பழைய வியாபாரக் குடும்பம். 1928-ல ஒரு காபி கம்பெனி வேலையா கோபன்ஹேகன் வந்தார், நாலஞ்சு வருஷத்துல டேனிஷ் பாஷை, ஆளுங்க, ஊரு எல்லாம் பழகிப் போச்சு. அப்பறம் 1932-ல நாஜிக் கட்சியில சேந்தார். ஆமாடி, சேந்தார். யாரும் கட்டாயப்படுத்தல, ஹிட்லர் ஆட்சிக்கே வரல அப்ப. நம்பித்தான் சேந்தார். பெர்லினுக்குப் போயி, நாஜிக் கட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான ரோசன்பெர்க்கோட வெளியுறவு ஆபீஸ்ல ரெண்டு வருஷம் உள்ள இருந்து பாத்தார். பாத்துட்டு 1935-ல அந்த ரோசன்பெர்க்குக்கே லெட்டர் எழுதினார், இந்த இயக்கம் என்னன்னு அடியோட தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், யோக்கியமான மனுஷனா இதுக்குள்ள இனி வேலை பாக்க என்னால முடியாதுன்னு. அந்தக் காலத்துல, அந்த ஊர்ல, அந்த ஆளுக்கு அப்படி எழுதுறதுன்னா யோசிச்சுப் பாரு.

அங்கயிருந்து ஒரு கப்பல் கம்பெனி. 1939-ல கோபன்ஹேகன் ஜெர்மன் தூதரகத்துல கப்பல் போக்குவரத்துக்கான அதிகாரி. தூதர் கூட இல்லடி, ஏதோ ஒரு செக்சன். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குன்னு பாக்குற வேலை. 1940 ஏப்ரல் 9 அன்னிக்கு ஜெர்மனி டென்மார்க்க புடிச்சுக்கிச்சு, இவர் அதே நாற்காலியிலதான் இருந்தார். ஆனா சாயங்காலம் யாரோட பேசிக்கிட்டு இருந்தார்னா டேனிஷ் சோஷியல் டெமாக்ரட் கட்சிக்காரங்களோட, ஹான்ஸ் ஹெட்டொஃப்ட், அவரோட சகாக்கள். ஹெட்டொஃப்ட் பின்னால பிரதமரே ஆனவர்.

1943 ஆகஸ்ட் 29-ல டேனிஷ் அரசாங்கம் ராஜினாமா பண்ணிருச்சு, எமர்ஜென்சி வந்துருச்சு. அங்க ஜெர்மனியோட பெரிய தலை வெர்னர் பெஸ்ட், நாஜிங்களோட எஸ்எஸ் படை ஆளு. அவன் செப்டம்பர் 8 அன்னிக்கு பெர்லினுக்குத் தந்தி அடிக்கிறான், எமர்ஜென்சி இருக்கும்போதே இங்க உள்ள யூதங்களப் புடிச்சு அனுப்பிரலாம்னு. 11-ந்தேதி அத டுக்விட்ஸ்கிட்ட அவனே சொல்றான். ஏன் சொன்னான்? அதுல இன்னிக்கு வரைக்கும் வரலாற்று ஆளுங்களுக்குள்ள சண்டை, இவர் போய்ச் சொல்லுவார்னு தெரிஞ்சே சொன்னான்னு ஒரு கட்சி, இல்லன்னு ஒரு கட்சி. எனக்கு பெஸ்ட் மேல எந்த நல்லெண்ணமும் வரல, தந்தி அடிச்சவன் அவன்தான. போருக்கப்பறம் டென்மார்க்ல மரண தண்டனை குடுத்து, அப்பீல்ல கொறச்சு, 1951-லயே விட்டுட்டாங்க.

இப்பத்தான் முக்கியமான எடம். நீயா இருந்தா என்ன பண்ணுவ? டுக்விட்ஸ் மொதல்ல ஆபீஸ் வழியாத்தான் போனார்டி. 13-ந்தேதியே பெர்லினுக்குப் பறந்து போயி அந்தத் தந்தியத் தடுக்கப் பாத்தார், அது அதுக்குள்ள மேல போயிருச்சு. திரும்பி வந்தார். 19-ந்தேதி டைரியில, என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்னு எழுதி வெச்சார். கொஞ்ச நாள்ல கப்பல் வேலைன்னு சொல்லி ஸ்டாக்ஹோம் போயி ஸ்வீடன் பிரதமர் பெர் அல்பின் ஹான்சனப் பாத்து, டென்மார்க் யூதங்க வந்தா ஏத்துக்குவீங்களான்னு கேட்டார். இதெல்லாம் வெளிய தெரிஞ்சிருந்தா கழுத்து போயிருக்கும். வீட்ல பொண்டாட்டி இருக்காங்க.

செப்டம்பர் 28. யூதங்களப் புடிக்க நாள் குறிச்சாச்சு, அக்டோபர் 1 ராத்திரி. அன்னிக்கு ரோமர்ஸ்கேட்ல சோஷியல் டெமாக்ரட் கட்சிக்காரங்க கூட்டம் நடந்துக்கிட்டு இருக்கு. இவர் நேரா உள்ள போயி ஹெட்டொஃப்ட்கிட்ட சொல்லிட்டார். மொகம் வெளிறிப் போயி, கோவமும் அவமானமுமா நின்னார்னு ஹெட்டொஃப்ட் பின்னால எழுதியிருக்கார். என்ன கேட்டா அந்த அவமானம்தான் பெருசு. தன் நாடு செய்யப்போறதுக்கு தான் வெக்கப்பட்டு நிக்கிறது.

நான் போன வியாழக்கிழம அந்தத் தெருவுல நின்னேன். சைக்கிளுங்க போய்க்கிட்டே இருக்கு, மழை தூறுது. இந்தப் பக்கமாத்தான அந்த மனுஷன் நடந்து வந்திருப்பார்னு நெனச்சதும் எனக்கு அழுகையே வந்துருச்சு.

அதுக்கப்பறம் நடந்தது உனக்குத் தெரியணும். ஹெட்டொஃப்ட் ஓடிப்போயி யூத சமூகத்தோட தலைவர் ஹென்ரிக்வெஸ்கிட்ட சொன்னா, அவர் "பொய் சொல்றீங்க"ன்னுட்டார். நம்பவே இல்ல. நம்ப முடியாதுல்ல. மறுநாள் காலைல கிறிஸ்டல்கேட் ஜெபக்கூடத்துல யூத குரு ரப்பி மெல்கியோர் வழிபாட்டையே நிறுத்திட்டு, எல்லாரும் வீட்ட விட்டுப் போயிருங்க, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லுங்கன்னு சொன்னார். மறுநாளும் அதுக்கடுத்த நாளும் அவங்களுக்குப் புதுவருஷம். எல்லாரும் வீட்ல இருப்பாங்கன்னுதான் அந்த நாளாப் பாத்து வெச்சது. ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் டெலிபோன் டைரக்டரிய எடுத்து யூதப் பேருகளா தேடித்தேடிக் குறிச்சு, வீடு வீடாப் போயி கதவத் தட்டியிருக்கார். பிஸ்பெபியர் ஆஸ்பத்திரியில வேற பேரு போட்டு நோயாளின்னு படுக்க வெச்சிருக்காங்க. அக்டோபர் 1 ராத்திரி போலீஸ் போயி பெல் அடிச்சா முக்காவாசி வீட்ல ஆளே இல்ல. மறுநாளே, வர்றவங்கள ஏத்துக்கிறோம்னு ஸ்வீடன் ரேடியோவுல சொல்லிருச்சு. அப்பறம் அந்த மாசம் பூரா மீன்பிடி படகுல, எல்சினோர் பக்கம் கடல் நாலு கிலோமீட்டர்தான், மத்த எடத்துல இன்னும் அகலம், கொழந்தைங்களுக்கு மயக்க ஊசி போட்டு, மீன் கூடைக்கு அடியில படுக்க வெச்சு. ஏறக்குறைய 7,200 யூதங்க, அவங்க குடும்பத்துல கல்யாணம் பண்ணுன மத்தவங்க 700 பேர், இக்கரைக்கு வந்து சேந்தாங்க.

எல்லாமே அழகாவும் இல்லடி, அதையும் சொல்லணும். படகுக்காரங்க சிலபேரு பெரிய காசு வாங்கியிருக்காங்க, இல்லாதவங்களுக்காக ஊர்ல வசூல் பண்ணிக் கட்டியிருக்காங்க. கிலெலேயன்னு ஒரு மீனவ ஊரு, அங்க சர்ச்சு பரண்ல ஒளிஞ்சிருந்த எம்பது பேரு மாதிரி ஒரே ராத்திரியில மாட்டிக்கிட்டாங்க. மொத்தம் 470 பேருக்குப் பக்கத்துல தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குப் போனாங்க, அதுல அம்பது பேரு மாதிரி அங்கயே செத்துட்டாங்க. நான் பாப்பாவுக்கு இதையும் எழுதச் சொன்னேன், அவ டீச்சர் அதுக்குத்தான் நல்ல மார்க்கு போட்டாங்க.

இப்ப உன் விஷயம். அளவு ஒண்ணுன்னு சொல்லல. அங்க சாவு, இங்க குடிசை, நெருப்பையும் புகையையும் ஒரே தராசுல வெக்கிற பைத்தியம் இல்ல நான். ஆனா நீ வாய்ஸ் நோட்டுல சொன்னது என் காதுல இன்னும் இருக்கு: "நோட்டீஸே ஒட்டாம விடியக்காலைல ஜேசிபி வருதுன்னு எனக்குத் தெரிஞ்சுருச்சு, கண்மாய்க்கரையில நாப்பது வீடு, பரீட்சை எழுதுற பிள்ளைங்க இருக்கு, என்னால தூங்க முடியல, போயி சொல்லிட்டேன்"னு. சொன்னதால அந்த சனம் ரேஷன் கார்டு, புக்கு, தையல் மெஷின், அண்டா குண்டாவயாச்சும் எடுத்துக்கிச்சு. அதுக்கு உனக்கு 17பி ஒழுங்கு நடவடிக்கை மெமோ. ஆர்ஐ-யா, வருவாய் ஆய்வாளரா இருந்துக்கிட்டு ஆபீஸ் ரகசியத்த வெளிய விட்டன்னு. உங்க ஆபீஸ்ல ஒருத்தரும் உன் டேபிள் பக்கம் வர்றதில்லன்னு சொன்னப்ப உன் குரல் ஒடஞ்சுச்சு பாரு, சாந்தா மிஸ் செத்தன்னிக்குக் கூட நீ அப்படிப் பேசலடி.

அதுக்கப்பறம் நீ சொன்னதுதான் எனக்கு ஏத்துக்க முடியல. "இந்த எடத்துல ஒக்காந்திருக்கதே பாவம், வெளிய வந்துட்டா கை சுத்தமா இருக்கும்"னு. நம்ம ஹாஸ்டல் மொட்டமாடி சண்ட ஞாபகம் இருக்கா, ஜெயா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், விடிய விடிய? அன்னிக்கு அரசாங்கத்துக்கு உள்ள போயித்தான் ஆகணும்னு கத்துனவ நீ. ஜெயாவுக்குத் தெரிஞ்சா மெடல் குத்திவிடச் சொல்லுவா.

நான் டுக்விட்ஸப் பத்தித் திரும்பத் திரும்ப யோசிச்சது இதத்தான். அவர் 1935-ல கட்சி வேலைய விட்டார், அது சரி. ஆனா 1943-ல அந்தச் செக்சன்ல, அந்த நாற்காலியில யாராச்சும் ஒக்காந்துதான் இருந்திருப்பாங்க, அது வேற ஆளா இருந்திருந்தா தேதி யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? தெரிஞ்சாலும் ஒரு ஜெர்மன் அதிகாரி சொன்னா டேனிஷ்காரங்க சும்மா நம்பிருவாங்களா? வருஷக்கணக்கா ஊர் பாஷையில பேசி, அவங்களோட காபி குடிச்சு ஒக்காந்ததுதான் அந்த அஞ்சு நிமிஷத்துக்கு ஒதவுச்சு. உன்னையும் அந்தக் கண்மாய்க்கரை சனம் ஏன் நம்புச்சு? பட்டா மாறுதலுக்கு அவங்கள அலையவிடாம நீ எத்தன வருஷமா செஞ்சு குடுத்திருக்க. வேற யாரு போயி "நாளைக்கு வண்டி வருது"ன்னு சொல்லியிருந்தாலும் வெரட்டி விட்டிருப்பாங்க.

அவர் அப்பறம் என்ன ஆனார்னு கேப்ப. போருக்கப்பறம் மேற்கு ஜெர்மனிக்குத் தூதர்கள் வேணும், 1955-ல அதே கோபன்ஹேகனுக்கு அவரத் தூதரா அனுப்புனாங்க. 1961-ல இருந்து 1965 வரைக்கும் டெல்லியில இந்தியாவுக்கான தூதர்! உங்க சித்தப்பா ஐஐடி வொர்க்‌ஷாப்ல ஜெர்மன்காரங்ககிட்ட லேத்து கத்துக்கிட்ட கதைய நூறு தடவ சொல்லுவியே, மெட்ராஸ் ஐஐடிய ஜெர்மன் ஒதவியோட கட்டிக்கிட்டு இருந்த அந்த வருஷங்கள்ல இவர்தான் நம்ம நாட்டுல அவங்க தூதர். நேரு செத்தப்பவும் டெல்லியில இருந்திருக்கார். 1965-ல ரிட்டயர்டு ஆயிட்டார். ரெண்டு வருஷத்துல அப்ப வெளியுறவு அமைச்சரா இருந்த வில்லி பிராண்ட் கூப்பிட்டு தன் துறையில செயலாளர் ஆக்குனார். போலந்தோட ஒப்பந்தம் பேசினது இவர்தான், 1970-ல வார்சாவுல கையெழுத்தாச்சு, அங்க செத்த யூதங்களோட நினைவுச்சின்னத்துக்கு முன்னால பிராண்ட் மண்டியிட்டது அந்தப் பயணத்துலதான். மறு வருஷம் இஸ்ரேல்ல நாஜிங்க கொன்ன யூதங்களுக்கான நினைவு அமைப்பு யாத் வாஷெம் அவருக்கு மரியாதை பண்ணுச்சு. 1973 பிப்ரவரியில பிரேமன்லயே செத்துப் போனார், 68 வயசு.

மெமோவுக்குப் பதினஞ்சு நாள் டைம்னு சொன்னல்ல, அப்ப இன்னும் நாலு நாள்தான் இருக்கு. கோவத்துல எழுதாத. நோட்டீஸ் குடுக்கணும்னு சட்டம் இருக்குல்ல, அந்தப் பிரிவு நம்பரு, நோட்டீஸ் ஒட்டலங்கிறதுக்கு அந்த ஊர் ஆளுங்க ரெண்டு பேரு கையெழுத்து, இது ரெண்டும் மொதல்ல வரணும். வசந்தா அக்கா சங்கத்துல இருந்தவங்க, அவங்ககிட்ட காட்டாம குடுத்துராத, அவங்க நம்பர் மாறிருச்சு, தனியா அனுப்புறேன். எழுதினத போட்டோ புடிச்சு எனக்கும் அனுப்பு, நான் ராத்திரி ஒக்காந்து படிச்சுத் திருத்தி வெச்சா, உனக்கு விடியும்போது இருக்கும்.

விஆர்எஸ் ஃபாரம் பீரோவுல மேல் தட்டுல வெச்சிருக்கேன்னு சொன்ன. அத அம்மாகிட்ட குடுத்துரு, நான் கேட்டேன்னு சொல்லு, பொங்கலுக்கு வரும்போது வாங்கிக்கிறேன்.

உன்
மல்லி