முறிமருந்து ஒரே ஊசியோடு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் கேஎல்ஐஏ2 விமான நிலையக் கொலை பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2017 பிப்ரவரி 13 அன்று வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னின் ஒருதந்தை அண்ணன் கிம் ஜோங் நாம் முகத்தில் விஎக்ஸ் என்ற நரம்பு நஞ்சு பூசப்பட்டதையும், அவருடைய பையில் அதற்கான முறிமருந்து அட்ரோபின் இருந்ததாக ஷா ஆலம் உயர்நீதிமன்றத்தில் சாட்சியம் சொல்லப்பட்டதையும் குறிப்பிட்டுவிட்டு, “அதைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்” என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. விஎக்ஸ் நம் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது உடம்பில் செய்யும் அதே வேலையை மாலத்தியான், டைமெத்தோயேட் போன்ற பூச்சி மருந்துகளும் செய்கின்றன. அவை பின்கட்டில் சோடா பாட்டிலில் ஊற்றிவைக்கப்பட்டிருக்கின்றன.

நரம்பு தசைக்கும் சுரப்பிக்கும் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியிடுகிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்துப்போட ஒரு நொதி உண்டு. விஎக்ஸும் இந்தப் பூச்சி மருந்துகளும் சேர்ந்த ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சு அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். உடனே எச்சில், கண்ணீர், வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றாகக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசைகள் துடிக்கும், வலிப்பும் வரலாம். உயிரை முதலில் வாங்குவது நெஞ்சுதான். மூச்சுக்குழாய் இறுகி, நுரையீரலில் சளிநீர் நிரம்பி, ஆள் தன் நீரிலேயே மூழ்குகிறார்.

அட்ரோபின் அந்த நீரை நிறுத்தும். எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் பிழை நடக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பெரியவருக்கு முதலில் 2 மில்லிகிராம் சிரை (ரத்தக்குழாய்) வழியாக. 5 நிமிடத்தில் நெஞ்சொலியைக் கேட்க வேண்டும். கரகரப்பு குறையவில்லையா, 4. அடுத்த 5 நிமிடத்தில் 8, பிறகு 16. கால் மணி நேரத்தில் 30 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். இதையே 10 நிமிடத்துக்கு 2 மில்லிகிராம் என்று பழைய பாணியில் கொடுத்தால் அந்த 30-ஐ எட்ட 2 மணி நேரம் 20 நிமிடம் ஆகும். அதுவரை நோயாளி காத்திருக்க மாட்டார். பங்களாதேஷில் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வில், இரட்டிப்பாக்கிக் கொடுத்தவர்களில் 8 விழுக்காட்டினரும் பழைய முறையில் 22.5 விழுக்காட்டினரும் இறந்தனர்.

எப்போது நிறுத்துவது? நுரையீரல் தெளிந்து, நாடி நிமிடத்துக்கு 80-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல், அக்குள் உலர்ந்திருந்தால் போதும். கண்மணி விரிய நேரமாகும். அதற்காகக் காத்திருந்து மருந்தை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. நாடி ஏற்கெனவே வேகமாக இருக்கிறதே என்று பயந்து அட்ரோபினை நிறுத்திவைப்பதும் தவறு. மூச்சுத்திணறலாலேயே நாடி ஓடும், நெஞ்சு தெளிந்தால் இறங்கும். தெளிந்த பிறகு, அதுவரை கொடுத்த மொத்த அளவில் 10 முதல் 20 விழுக்காட்டை மணிக்கு மணி சொட்டாக ஏற்ற வேண்டும். 30 கொடுத்திருந்தால் மணிக்கு 3 முதல் 6 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் ஆம்பூலாக (சிறு கண்ணாடிக் குப்பியாக) கணக்கிட்டால் முதல் நாளுக்கே நூறு, நூற்றைம்பது ஆம்பூல் தேவைப்படலாம். சிறிய மருத்துவமனைகள் தங்கள் அலமாரியை எண்ணிப் பார்க்கட்டும். ஆம்பூல் உடைக்க மட்டுமே தனியாக ஒரு கை வேண்டும். மருந்து மிஞ்சினால் காய்ச்சல், பிதற்றல், குடல் ஓசை நின்றுபோதல், சிறுநீர் அடைப்பு என்று காட்டிக்கொடுக்கும். அப்போது சொட்டை நிறுத்தி, அவை தணிந்ததும் குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும்.

அட்ரோபின் தசைப் பலவீனத்துக்கு ஒன்றும் செய்யாது. கட்டுண்ட நொதியை விடுவிக்கப் பிராலிடாக்சிம் இருக்கிறது: கிலோவுக்கு 30 மில்லிகிராம், 15 முதல் 30 நிமிடத்தில் மெதுவாக, பிறகு மணிக்குக் கிலோவுக்கு 8 மில்லிகிராம். அவசரப்பட்டு ஒரே மூச்சில் தள்ளினால் இதயமே நிற்கலாம். நஞ்சு நொதியோடு இறுகிவிட்ட பிறகு இம்மருந்துக்கு வேலையில்லை. விஎக்ஸ் போன்ற நரம்பு நஞ்சுகளில் சோமானில் அதற்குச் சில நிமிடமே போதும், சரினில் சில மணி நேரம், விஎக்ஸில் ஒரு நாளுக்கு மேல். பூச்சி மருந்துகளும் இப்படியே வகைக்கு வகை மாறும். ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை: இந்தியாவின் பாராமதியில் 2006-இல் பலன் தெரிந்தது, இலங்கையில் 2009-இல் தெரியவில்லை. என் கருத்தில், இது கையில் இல்லை என்பதற்காக அட்ரோபினை ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை முடிவுக்காகவும் தாமதிக்கக் கூடாது. வலிப்புக்கு டயசிபாம் 10 மில்லிகிராம். மூச்சுக்குழாய் செருகும்போது தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் வேண்டாம். அதை உடைக்கும் நொதியும் முடங்கிக் கிடப்பதால் தசைச் செயலிழப்பு மணிக்கணக்கில் நீளும்.

வீட்டில் செய்யக்கூடியது குறைவு. மலேசியாவின் அவசர எண் 999-ஐ அழையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு துணியைக் களைந்து, தலைமுடி, நகக்கண் உட்பட சோப்பு நீரால் கழுவுங்கள். தோல் பெல்ட்டும் செருப்பும் நஞ்சை உறிஞ்சிவிடும், எறிந்துவிடுங்கள். ஆளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். உப்புநீர், சோப்புத்தண்ணீர், இளநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பூச்சி மருந்தில் கலந்துள்ள கரைப்பான் நுரையீரலுக்குப் போனால் அது தனி ஆபத்து. புட்டியையோ லேபிளின் படத்தையோ கட்டாயம் கொண்டுபோங்கள். புல் மருந்துக்கு (களைக்கொல்லிக்கு) அட்ரோபின் முறிமருந்தல்ல. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்ட பாராகுவாட் என்ற புல் மருந்தில் தேவையில்லாமல் ஆக்சிஜன் கொடுப்பதே நுரையீரலைக் கெடுக்கும். எது என்று தெரியாவிட்டால் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யூஎஸ்எம்) வளாகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் வழிகாட்டும்.

இன்னொன்று. இரண்டாம் நாள் நோயாளி கண் விழித்துப் பேசுவார். குடும்பத்தார் வீட்டுக்கு அழைத்துப்போகத் துடிப்பார்கள். 24 முதல் 96 மணி நேரத்துக்குள் மூச்சுத் தசைகள் திடீரென்று தளரக்கூடும். அட்ரோபின் அதற்கு உதவாது, வெண்டிலேட்டர்தான். முதலில் தளர்வது கழுத்து. ஆகவே வார்டில் மணிக்கு ஒருமுறை தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். தூக்க முடியாதவரைப் பொறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகாதீர்கள். ஃபென்தியான் போலக் கொழுப்பில் தங்கும் பூச்சி மருந்தாக இருந்தால், தலையைத் தூக்கினாலும் இன்னும் சில நாள் படுக்கையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு