அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது, பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கலைத் திருவிழாவிலும் விளையாட்டிலும் பரிசு வாங்கி வந்தார்கள், வருகையும் கூடியிருக்கிறது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

இந்தப் பருவத்தில் எனக்கு நிறைவாக இருந்தது ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போய்வந்த நாள்தான். சேதுபதி மன்னர்கள் காலத்துச் சுவரோவியங்களுக்கு முன்னால் பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள், வளரி என்ற வளைந்த எறி ஆயுதத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். திரும்பி வந்ததும் நம் பள்ளியிலும் ஒரு அறையில் காட்சி வைக்க வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். நீங்களும் தட்டாமல் கொடுத்தீர்கள்: மரக்கால், படி, அரிக்கேன் விளக்கு, வலை பின்னும் ஊசி, கருப்பட்டி வைத்திருந்த ஓலைக்கொட்டான், ஒரு தாத்தா சங்கு குளிக்கும்போது காலில் கட்டிய தகடு. அந்தத் தகட்டின் முன்னால்தான் எப்போதும் கூட்டம்.

சரி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். போன வாரம் ஏழாம் வகுப்புப் பையன்கள் சிலர் ஒரு உரச்சாக்கு நிறையப் பானை ஓடுகளைக் கொண்டுவந்து என் மேசை பக்கத்தில் வைத்தார்கள். பனங்காட்டு மேட்டில் தோண்டி எடுத்ததாம், காட்சிக்கு வைக்கவாம். அவர்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது திட்ட மனம் வரவில்லை. ஆசையைத் தூண்டிவிட்டதே நாங்கள்தான், எப்படித் தோண்டக் கூடாது என்பதையும் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், அதைச் சொல்லாதது எங்கள் தவறு.

சாக்கில் உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமான பழங்காலத்து ஓடுகளும் இருந்தன. நிறைய ஓடுகளில் உடைந்த விளிம்பு புதிதாக இருந்தது, கடப்பாரை பட்டு உடைந்தவை. நம் கடற்கரைக்குப் பக்கத்திலேயே அழகன்குளத்தில் 1986-87 முதல் தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசு, மது வந்த ஆம்போரா சாடியின் துண்டுகள், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள், கப்பல் கீறிய ஒரு ஓடு எல்லாம் அங்கே கிடைத்தன. எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்தார்கள். அப்படி எழுதிவைத்ததால்தான் இந்தக் கரைக்குக் கடல் கடந்து வியாபாரம் வந்ததை இன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடிகிறது. நம் சாக்கில் வந்த ஓடுகளோ மேலே கிடந்ததும் கீழே கிடந்ததும் கலந்துபோனவை, அவை எந்தக் காலத்தவை என்று இனி யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, அதுதான் எனக்கு வேதனை.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மேட்டில் இடுப்பளவுக் குழி இருக்கிறது, அது பிள்ளைகள் மட்டும் தோண்டியதில்லை. பெரியவர்களும் போயிருக்கிறீர்கள், ஒருவர் ஆசிரியரிடம் வந்து "இது என்ன விலைக்குப் போகும்" என்றே கேட்டிருக்கிறார். மணல் மேட்டில் அவ்வளவு ஆழம் தோண்டினால் பக்கம் சரியும், உள்ளே பிள்ளை நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மண்ணுக்குள் மதிப்புள்ள எது கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமே சொல்கிறது. இனி தோண்டி எடுத்த எதையும், கடலில் இருந்து பெயர்த்த பவளப்பாறைத் துண்டையும் பள்ளி வாங்காது. மீறி யாராவது தோண்டினால் பெயர் பார்க்காமல் தெரிவிப்பேன்.

உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தானாகத் தட்டுப்பட்டால் அப்படியே விட்டுவிட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்து எங்களிடம் காட்டுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்தச் சாக்கையும் எடுத்த இடத்தை எழுதி கிராம நிர்வாக அலுவலரிடம் ஒப்படைத்துவிட்டோம், பையன்களையும் கூடவே கூட்டிப்போனேன். குழியைத் தாங்களே மூடுவதாகச் சொன்னார்கள், எதையும் கிளறாமல் மூடுவது எப்படி என்று கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிறுத்திவைத்திருக்கிறேன்.

வீட்டுப் பொருளை நம்பித் தந்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஒவ்வொன்றுக்கும் யாருடையது, யார் பயன்படுத்தியது என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறோம், விடுமுறை முடிந்ததும் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். சனிக்கிழமை மதியம் வரை அறை திறந்திருக்கும். தாத்தா பாட்டிகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்தத் தகட்டைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் பல கேள்விகளுக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்