பெர்த்தில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே பர்மாவில், மோல்மீனில் எல்லாரும் சுகம். தங்கச்சி கல்யாணத்துக்கு வைகாசியில் நாள் குறித்தாகிவிட்டது. நீ டிக்கெட் போடாதே. காரணம் உனக்குத் தெரியும், கடிதத்தில் எழுதுகிற காரணம் இல்லை.

மண்டலே பக்கம் பூமி ஆடிய அன்று ராத்திரி முழுக்கக் கூப்பிட்ட பிள்ளை நீ. இப்போது மாதக்கணக்கில் பேச்சே இல்லை. கோபமா? சரி, இருக்கட்டும். நீ அனுப்பிய பாடங்களைத்தான் படிக்கிறேன். கோயிலில் ஆள் கிடைத்தால் உட்காரவைத்து விளக்கவும் செய்கிறேன், மகன் ஜியாலஜிஸ்ட் ஆயிற்றே.

சின்ன வயதில் பா-ஆன் குன்றிலிருந்து நீ பொறுக்கிவந்த சுண்ணாம்புக்கல் சாமி மாடத்தில்தான் இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் தேன்கூடு மாதிரிக் கட்டம் கட்டமாகப் பவளம் தெரிகிறது. அது கடலடியில் படிந்த கல். நம் பக்கத்து நிலம் சுமார் 28 கோடி வருடத்துக்கு முன் கோண்டுவானா என்ற தெற்குப் பெருங்கண்டத்திலிருந்து பிய்ந்து, வடக்கே நகர்ந்து ஆசியாவோடு ஒட்டியதாம். அதுவும் எங்கிருந்து? நீ இருக்கிற ஆஸ்திரேலியாவின் வடமேற்கு ஓரத்திலிருந்து! இந்தியா வந்து முட்டியது 5 கோடி வருடத்துக்கு முன்புதான். தஞ்சாவூருக்கு முன்னாலேயே நம் ஷான் மலை வந்து சேர்ந்துவிட்டது என்றால் தாத்தா நம்பியிருப்பாரா? அந்த இந்தியா இன்னும் தள்ளுவதால்தான் பர்மாவின் நடுவே ஓடுகிற சகாயிங் என்ற நிலப்பிளவு நம்மை இந்தப் பாடு படுத்துகிறது.

கண்டங்கள் எல்லாம் ஒன்றுகூடினால் அடியில் சூடு தேங்கிவிடுமாம். ஓரங்களில் கடல்தரை அமிழ்ந்து இழுக்க, மறுபடி பிளவு. அப்படி ஒன்றுகூடியிருந்த பெருங்கண்டங்களில் ரோடினியா பிளந்தது 75 கோடி வருடத்துக்கு முன், பான்ஜியா பிளந்தது 20 கோடி வருடத்துக்கு முன். அடுத்த முறை எல்லாம் ஒன்றுசேர இன்னும் 20, 25 கோடி வருடம் ஆகுமாம். ஆஸ்திரேலியா வருடத்துக்கு 7 செ.மீ. வடக்கே வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். நாடே நகர்கிறது, உனக்கு ஒரு போன் போட முடியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. விசா தாளை முடிவதற்கு முன்பே புதுப்பித்துவிடு, கடைசி நாள் வரை இழுக்காதே. டிக்கெட் போடாதே, அம்மா அழுதாலும் போடாதே. ஞாயிறு காலை கரண்ட் இருக்கும், அப்போது பேசு. அம்மா கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்று சொல். நான் சொல்லித்தந்ததாகச் சொல்லிவிடாதே.

அப்பா