முன்னால் நின்ற வண்டியைத் தாண்டாதீர்கள்

பெங்களூரில் வண்டி ஓட்டும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அல்சூர், மர்ஃபி டவுன், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் என்று இந்த ஊர் முழுக்க ஆட்டோவும் டெம்போவும் ஓட்டிப் பிழைக்கிற அண்ணன்களுக்கும், பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற தம்பிகளுக்கும், ஸ்கூட்டரில் ஐ.டி. வேலைக்குப் போகிற தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்களிடம் முக்கியமாக ஒன்றைக் கேட்கத்தான் எழுதுகிறேன். முன்னால் போகிற கார் திடீரென்று நின்றால், அதன் பக்கத்தில் புகுந்து தாண்டிப் போகாதீர்கள். அது நின்றதற்கான காரணம் அதற்கு முன்னால் நடந்துகொண்டிருக்கும். உங்கள் கண்ணுக்குத் தெரியாது, கார் மறைக்கும்.

சோமேஸ்வரர் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது பழைய மெட்ராஸ் சாலையைக் கடக்கிறோம். சமீபத்தில் ஒரு நாள் கேப்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, போங்கம்மா என்று கை காட்டினார். அவரை நம்பி அம்மா இறங்கினார். ஒரு கையில் அர்ச்சனைக் கூடை, இன்னொரு கை காரின் பானட்டைத் தொட்டபடி. காரைத் தாண்டி அடுத்த லேனில் கால் வைக்கப் போகும்போது, பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு பைக் காரின் வலது பக்கமாக வந்தது. ஹேண்டில்பார் கூடையில் மாட்டி, வெற்றிலையும் பூவும் சிதறி, தேங்காய் டிவைடர் வரைக்கும் உருண்டது. அம்மாவுக்கு அடி இல்லை. ஓட்டின பையன் நின்று, "சாரிம்மா, பார்க்கலை" என்றான், நல்ல தர்மபுரித் தமிழில். அவன் சொன்னது நிஜம். அந்த இடத்திலிருந்து அவனால் பார்த்திருக்கவே முடியாது. அதனால்தான் கண்ணை நம்பாமல், நிற்கிற வண்டியை நம்புங்கள் என்கிறேன். கேப்காரர் செய்த நல்ல காரியமே அம்மாவை ஆபத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நாங்கள் வருவது தெரிகிறதே, பார்த்துக் கடக்கக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லேன் 3.5 மீட்டர் என்றால் மூன்று லேன் 10.5 மீட்டர். நல்ல காலுள்ளவர் 9 நொடியில் கடந்துவிடுவார். மூட்டுவலிக்காரருக்கு 14 நொடி ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பைக் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. 150 மீட்டர் தள்ளி வருகிற வண்டியைப் பார்த்துவிட்டு, தூரத்தில்தானே இருக்கிறது என்று அம்மா இறங்கினால், மூன்றாவது லேனில் இருக்கும்போது அந்த வண்டி வந்துவிடும். அவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் மிச்ச தூரத்தை நீங்கள்தான் தர வேண்டும். வேகம் கூடக்கூட நிலைமை இன்னும் மோசம். கார் 50 கிலோமீட்டரில் மோதுவதைவிட 65 கிலோமீட்டரில் மோதினால் நடப்பவர் சாகும் ஆபத்து 4.5 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இரு சக்கர வண்டியில் போனவர்கள் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நம் வீட்டு ஆட்கள் இந்த இரண்டு கணக்கிலும் இருப்பார்கள்.

அப்புறம் ராங் சைடு. இந்த ஊரில் ஒன்வே அதிகம், யூ-டர்ன் தூரம், பெட்ரோல் விலை வேறு. எல்லாம் சரி. ஆனால் ஒன்வேயில் கடக்கிறவர் வண்டி வரும் பக்கத்தை மட்டும் பார்த்துத்தான் கால் வைப்பார். எதிர்ப்பக்கமாக வருகிற வண்டி, அதிலும் சத்தமே இல்லாத எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், அவர் முதுகுக்குப் பின்னால் வருகிறது. சைக்கிளில் பால் போடுகிறவருக்கும் இதே கதிதான். ஓரத்தில் ஒழுங்காகப் போகிறவரை நேருக்கு நேர் வந்து நடுச்சாலைக்குத் தள்ளுகிறோம். கேப் ஓட்டுகிறவர்கள் சவாரியை இறக்கும்போது, பின்னால் சைக்கிள் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். இடது கதவை வலது கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவர் கண்ணில் படுவார்.

ஃபுட்பாத்தில் பைக் ஏற்றுவது பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில்தான், நடைபாதையில் நடக்கும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. உடைந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்த ஒரு தமிழர் போட்ட வழக்கு அது. நம் ஆட்களாவது அதை மதிக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஃபுட்பாத் கல் பெயர்ந்து கிடப்பதும், ஜீப்ரா கோடு அழிந்திருப்பதும் உங்கள் தப்பில்லை. அதை மாநகராட்சிக்குக் கன்னடத்தில் தனியாக எழுதி வருகிறேன்.

உங்கள் அவசரம் எனக்குத் தெரியும். நானும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள்தான். ஆர்டர் லேட்டானால் கஸ்டமர் கத்துவார், ரேட்டிங் குறையும், வண்டிக்கு மாதத் தவணை கட்ட வேண்டும். ஒருவர் கடக்கும்வரை நிற்க ஆகிற நேரம் 14 நொடி. அல்சூரில் பல்லக்கு வருகிற இரவில் எத்தனை மணி நேரமானாலும் ஹாரன் அடிக்காமல் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் நாம். நிற்கத் தெரியாதவர்கள் இல்லை.

ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிற மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கமிருந்து புதிதாக வந்து வண்டி எடுக்கிற பசங்களுக்கு சந்து பொந்தெல்லாம் நீங்கள்தான் சொல்லித் தருகிறீர்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: நிறுத்தும்போது சட்டென்று பிரேக் போடாமல், வேகத்தைக் குறைத்துக்கொண்டே வலது கையை வெளியே நீட்டி மேலும் கீழும் அசைத்தால் பின்னால் வருகிறவனும் நிற்பான். உங்கள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜனங்கள் அதிகமாகக் கடக்கிற இடம் எது என்று உங்களுக்கே தெரியும். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
அல்சூரில் இருக்கும் உங்கள் சகோதரி