லைப்சிக்கிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நான் நலம். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றினார்களாமே, இப்போது தலைசுற்றல் குறைந்திருக்கிறதா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. நைட் டியூட்டி முடிந்து டிராமில் வரும்போதும் இருட்டுதான். ஜெர்மன் இப்போது பரவாயில்லை, நாவல் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அந்த நாவலைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வார்டில் என்னோடு வேலை செய்யும் மூத்த நர்ஸ் கொடுத்தார். கிரிட் போப்பே 2009இல் எழுதிய ‘வெக்கெஷ்பெர்ட்’, ‘அடைத்துவைக்கப்பட்டவள்’ என்று சொல்லலாம். கதை நடப்பது 1988இல், இந்தப் பக்கமெல்லாம் கிழக்கு ஜெர்மனியாக இருந்தபோது. ஆன்யாவுக்கு 14 வயது. நாட்டைவிட்டுப் போக அனுமதி கேட்டு அவள் அம்மா விண்ணப்பம் போடுகிறாள். அதற்காகவே அம்மாவைக் கைது செய்து கொண்டுபோகிறார்கள். ஒரு தப்பும் செய்யாத மகளை அரசு விடுதிகளில் மாற்றி மாற்றி அடைக்கிறார்கள். கடைசியில் டோர்கௌ என்ற ஊரில் இருந்த விடுதி.

டோர்கௌ கற்பனை ஊர் இல்லை அக்கா. இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. லீவு நாளில் போய்ப் பார்த்தேன். 1964 முதல் 1989 வரை அங்கே 14இலிருந்து 18 வயதுக்குள் இருந்த 4,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்திருந்தார்கள். எந்தக் கோர்ட்டும் தண்டனை கொடுக்கவில்லை. ‘திருத்துகிறோம்’ என்று கல்வி அமைச்சகமே நேரடியாக நடத்தியது, சிறைத்துறை இல்லை. நீ வாத்தியார், உனக்கு இது இன்னும் வலிக்கும். வந்ததும் முடியை வெட்டி, முதல் சில நாள் தனி அறை. அப்புறம் தண்டால், உட்கார்ந்து எழுவது, குந்தியிருந்து குதிப்பது, மூன்றையும் மாற்றி மாற்றி, விழும்வரைக்கும். நிலவறையில் வெளிச்சமே இல்லாத ஓர் அறை இருக்கிறது. அதற்குள் என்னால் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. பிள்ளைகளைப் பூட்டிவைத்த பெரிய கட்டடத்தில் இப்போது குடும்பங்கள் குடியிருக்கின்றன. எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை.

அங்கே அடைத்ததே சட்டவிரோதம் என்று பெர்லின் உயர் நீதிமன்றம் சொன்னது 2004இல்தான். அதற்குள் அந்தப் பிள்ளைகள் நடுவயதுக்கு வந்துவிட்டார்கள்.

புத்தகம் கொடுத்தவர் டோர்கௌவுக்குப் போனவர் இல்லை. ஆனாலும் சின்ன வயதிலேயே வாயை அடக்கப் பழகியவர். பால்வாடியில் டீச்சர் கேட்பாராம்: “உங்கள் வீட்டு டிவியில் செய்திக்கு முன்னால் வரும் கடிகாரத்தில் புள்ளி இருக்குமா, கோடு இருக்குமா?” பதிலை வைத்தே அந்த வீட்டில் மேற்கு ஜெர்மனி சானல் பார்க்கிறார்களா என்று தெரிந்துவிடும். “நான் அதற்குள் தூங்கிவிடுவேன்” என்று சொல்லும்படி அவர் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாராம். நாலு வயதுக் குழந்தைக்கு, அக்கா! நம் வீட்டில் நாம் என்னென்ன உளறியிருப்போம்.

முதல் அத்தியாயத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் அனுப்புகிறேன். உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு. ஆன்யா வயதுதான் அவர்களுக்கும். என்ன கேட்டார்கள் என்று மறக்காமல் எழுது. பணம் திங்கட்கிழமை வந்துவிடும், அம்மாவின் ஸ்கேனுக்கு அதிலிருந்தே எடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் தங்கை